ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்: டேஷ்கேம் ஏன் வேண்டும்?

மதிப்பிற்குரிய வாகன ஓட்டுநர்களுக்கு,

வணக்கம். வாகன விபத்துகள் தொடர்பான இன்சூரன்ஸ் கோப்புகளைப் படித்து, எந்தத் தரப்பு சொல்வதை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று குறிப்பு எழுதித் தருவது என் வேலை. அந்த வேலை எனக்குள் உறுதிப்படுத்திய ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். சொந்த வண்டியோ, வாடகை வண்டியோ, அலுவலக வண்டியோ, நீங்கள் ஓட்டும் வாகனத்தில் சாலையைப் பதிவு செய்யும் ஒரு டேஷ்கேம் இருக்க வேண்டும். ‘நான் நிதானமாகத்தான் ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்குத்தான் அது எல்லோரையும்விட முதலில் வேண்டும்.

விபத்துப் படிவத்தில், மோதல் எப்படி நடந்தது என்று ஓட்டுநரே கையால் வரைந்து காட்டுவதற்கு ஒரு கட்டம் இருக்கும். இரண்டு வண்டிகள் பக்கவாட்டில் உரசிக்கொண்ட கோப்பு ஒன்றில், இரு ஓட்டுநர்களும் வரைந்த படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சாலை ஒன்றுதான், வண்டிகள் இருக்கும் இடமும் ஏறத்தாழ ஒன்றுதான், சேதத்தைக் காட்டும் பெருக்கல் குறிகூட ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கும். தடங்களைப் பிரிக்கும் வெள்ளைக் கோடு மட்டும் இரண்டு படத்திலும் எதிராளியின் சக்கரத்துக்கு அடியில் ஓடும். இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், இருவரும் ‘நான் என் தடத்தில்தான் சென்றேன்’ என்று எழுதியிருப்பார்கள். நேரில் விசாரித்தால் இருவருமே அதை மனதார நம்புவதும் தெரியும்.

அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலான கோப்புகளில் அப்படி இல்லை என்பதே என் அபிப்பிராயம். விபத்து ஒன்றிரண்டு வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய நொடிகளில் யாரும் அடுத்த வண்டியைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருப்பதில்லை. நடந்த பிறகுதான் மனம் விடுபட்ட இடங்களை நிரப்பி ஒரு தொடர்ச்சியான கதையாகக் கோத்துக்கொள்கிறது. 1974-இல் உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் மோதல் காட்சிகளைக் காட்டி, வேகம் என்னவாக இருந்தது என்று கேட்டார்கள். கேள்வியில் ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருள்படும் சொல் இருந்தால் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றும், ‘தொட்டுக்கொண்டபோது’ என்ற பொருளில் கேட்டால் 31.8 மைல் என்றும் பதில் வந்தது. வேறு மாணவர்களை வைத்துச் செய்த இரண்டாவது சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அவர்கள் பதற்றமில்லாமல் உட்கார்ந்து திரையைப் பார்த்தவர்கள். கை நடுங்க வண்டியை விட்டு இறங்கி, நாலு பேர் சூழ்ந்து நின்று ‘என்ன வேகத்தில் வந்தாய்?’ என்று அதட்டும்போது பதில் சொல்கிறவரின் நினைவை எவ்வளவு தூரம் நம்ப முடியும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சேதத்தைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நெளிவும் கீறலும் எங்கே பட்டது என்பதைச் சொல்லும். ஏன் பட்டது என்பதை அபூர்வமாகவே சொல்லும். ஏற்றத்தில் சிக்னலுக்காக நிற்கும் ஒரு வண்டி, ஓட்டுநர் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குள் பின்னோக்கி உருண்டு, ஒழுங்காக நின்றுகொண்டிருக்கும் பின்வண்டியின் முகப்பை இடித்தால், ஒன்றின் பின் பம்பரும் மற்றதன் முன் பம்பரும் நசுங்கும். பின்வண்டி மெதுவாக வந்து முன்வண்டியை முட்டினாலும் அதே இரண்டு பம்பர்கள்தான் நசுங்கும், ஏறக்குறைய அதே அளவில். ‘பின்னால் வந்தவர் போதிய இடைவெளி விட்டிருக்க வேண்டும்’ என்பது பொதுவாக எல்லா இடங்களிலும் எடுத்த எடுப்பிலேயே கொள்ளப்படும் அனுமானம் என்பதால், அசையாமல் நின்றவர்தான் தன் மீது தவறில்லை என்று நிரூபிக்க வேண்டியவராகிறார். அவரிடம் என்ன இருக்கிறது? அவருடைய வார்த்தை மட்டும்தான். முகப்புக் கண்ணாடியில் ஒரு கேமரா இருந்திருந்தால், முன்வண்டியின் நம்பர் பிளேட் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வருவதும், ஓரத்தில் தெரியும் மின்கம்பம் இருந்த இடத்திலேயே இருப்பதும் பத்து வினாடிக் காட்சியில் தெரிந்திருக்கும். விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும்.

இந்த அனுமானத்தையே மூலதனமாக்கிக்கொண்ட கும்பல்களும் உண்டு. பிரிட்டனில் இன்சூரன்ஸ் பணத்துக்காகத் திட்டமிட்டு விபத்தை உண்டாக்குபவர்கள், பின்னால் வருபவருக்குத் தெரியாதபடி பிரேக் விளக்கைச் செயலிழக்கச் செய்துவிட்டுக் காரணமே இல்லாமல் திடீரென நிறுத்துவார்கள். அல்லது ‘நீங்கள் போங்கள்’ என்பதுபோல் முகப்பு விளக்கை அடித்துக் காட்டிவிட்டு, நம்பி வண்டியை எடுத்தவர்மீது கொண்டுவந்து மோதுவார்கள். பிறகு விளக்கே அடிக்கவில்லை என்று சாதிப்பார்கள். மரியாதை தெரிந்த, விட்டுக்கொடுத்து ஓட்டும் ஓட்டுநர்தான் இந்த வலையில் விழுகிறார் என்பதைக் கவனியுங்கள். முன்னால் சாலை காலியாக இருந்ததையும், விளக்கு அடிக்கப்பட்டதையும், பிரேக் விளக்கு எரியாததையும் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2018 மே 15-இல் அளித்த தீர்ப்பு நல்ல எடுத்துக்காட்டு. மாக்டபுர்க் நகரில் இடப்பக்கம் திரும்புவதற்கான இரண்டு தடங்களில் அடுத்தடுத்துச் சென்ற இரு கார்கள் பக்கவாட்டில் உரசிக்கொண்டன. யார் தடம் மாறினார் என்பதுதான் வழக்கு. நான் மேலே சொன்ன வரைபடக் கோப்பேதான். ஒருவரிடம் டேஷ்கேம் பதிவு இருந்தும், தனியுரிமையைக் காரணம் காட்டிக் கீழ் நீதிமன்றங்கள் அதைப் பார்க்க மறுத்துவிட்டன. மேல் நீதிமன்றமோ, காரணமின்றி நிரந்தரமாகப் பதிவு செய்துகொண்டே இருப்பது தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட்டு, ஆனாலும் விபத்து வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்றது. விபத்தில் சிக்கியவர்கள் எப்படியும் தங்கள் அடையாளத்தைப் பரிமாறிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்பதும், வேறு சான்று கிடைப்பது அரிது என்பதும் அதற்கான காரணங்களில் அடங்கும். தனியுரிமையில் மிகக் கண்டிப்பான ஒரு நாடே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சாலையோரக் கேமராக்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, ஆனால் அவை உங்கள் பொருட்டு வைக்கப்பட்டவை அல்ல. உங்கள் விபத்து நடந்த மூலையை அவை பார்த்துக்கொண்டிருக்கும் என்பதற்கும், நீங்கள் விண்ணப்பித்துக் கேட்கும்வரை அந்தப் பதிவு அழியாமல் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

புதிய கார்களிலேயே பதிவுக் கருவி வந்துவிட்டது என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்கள் அனைத்திலும் விபத்துத் தரவுப் பதிவான் கட்டாயமாகியுள்ளது. மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளில் வண்டியின் வேகம் என்ன, பிரேக் அழுத்தப்பட்டதா, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்பன போன்றவற்றை அது துல்லியமாகச் சொல்லும். ஆனால் அதற்குக் கண் இல்லை. சிக்னல் பச்சையா சிவப்பா, எதிரே வந்தவர் இண்டிகேட்டர் போட்டாரா, நீங்கள் ஏன் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சொல்லப்போனால், சாலையில் குறுக்கே ஓடிவந்த குழந்தைக்காக நீங்கள் வண்டியை ஒடித்து அடுத்த தடத்துக்குள் போயிருந்தால், அந்தக் கருவி உங்களுக்கு எதிராகவே பேசும்: திடீரெனத் திருப்பினார், தடம் மாறினார், மோதினார். குழந்தை அதன் பதிவில் இருக்காது.

இனி, பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒரு தயக்கத்துக்கு வருகிறேன். கேமரா என் தவறையும் பதிவு செய்யுமே, நானே காசு கொடுத்து எனக்கு எதிரான சாட்சியை வாங்கி மாட்டிக்கொள்வதா? ஆம், செய்யும். நீங்கள் மஞ்சள் விளக்கில் நுழைந்தது படத்தில் தெரியும், சில கருவிகளில் உங்கள் வேகமும் ஜிபிஎஸ் வழியாகப் படத்தின் அடியிலேயே அச்சாகும். இதை மழுப்புவதில் பயனில்லை. ஆனால் உங்கள் மீதுதான் தவறு என்றால், கேமரா இல்லாவிட்டாலும் எதிர்த்தரப்பு அதைச் சொல்லத்தான் போகிறது, அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். நீங்கள் 50-இல் வந்து மோதியிருந்தால் 80-இல் வந்ததாகச் சொல்லப்படுவதையாவது பதிவு தடுக்கும். தொழிலாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: உரிமமே பிழைப்பாக இருப்பவர்மீது, வண்டியின் பருமனை வைத்தே பழி போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பெரிய வண்டிதான் சிறிய வண்டியை இடித்திருக்கும் என்று தீர்மானித்துவிடுகிறார்கள், கண்ணால் பார்க்காதவர்கள்கூட. ஓட்டுநர் சங்கங்கள் இந்தக் கருவியை முதலாளியின் வேவுக் கண் என்று பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். ஓட்டுநரின் முகத்தை நோக்கித் திரும்பியிருக்கும் கேமரா வேறு விஷயம். அதற்குத் தனி ஒப்பந்தமும் தனி விவாதமும் வேண்டும். நான் இங்கே பேசுவது சாலையை நோக்கியிருக்கும் கேமராவைப் பற்றி மட்டுமே.

அடுத்தவர் உரிமையும் இதில் இருக்கிறது. ஆஸ்திரியா, போர்ச்சுகல் போன்ற நாடுகளில் டேஷ்கேமுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்குள் பேசுவதைப் பதிவு செய்வதற்குப் பயணிகளின் சம்மதம் தேவைப்படும் இடங்களும் உண்டு. எந்த இடமானாலும், பயணி ஏறும்போது கேமரா இருப்பதைச் சொல்லிவிடுவதும், தேவையில்லாதபோது மைக்கை அணைத்து வைப்பதும் நாகரிகம். பதிவை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் காவல் துறைக்கும் கொடுப்பது ஒன்று, முகங்களும் நம்பர் பிளேட்டுகளும் தெரிய சமூக ஊடகத்தில் போட்டு ஊர் கூடித் திட்ட வைப்பது வேறொன்று. பிரிட்டனில் பல காவல் துறைகள் ஓட்டுநர்களிடமிருந்து இத்தகைய பதிவுகளை இணையம் வழியே நேரடியாகப் பெற்று நடவடிக்கை எடுக்கின்றன. அப்படி ஒரு வழி இருக்கும் இடத்தில் ஊடகத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

கேமரா பொய் சொல்லாது என்று விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதற்கும் குறைகள் உண்டு, அவற்றை அறிந்தவர்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும். அகன்ற கோணத்தில் எடுக்கும் லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளி நிற்பதாகக் காட்டும். ஆகவே படத்தைப் பார்ப்பவருக்கு, உங்களுக்கு பிரேக் பிடிக்க நிறைய இடம் இருந்ததுபோல் தோன்றலாம். எல்இடி சிக்னல் விளக்குகள் மின்சாரத்தின் துடிப்புக்கேற்பக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை என்பதால், வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் கேமராவில் சில சமயம் விளக்கே எரியாததுபோலப் பதிவாகிவிடும். அதைத் தவிர்க்கவே சில தயாரிப்பாளர்கள் 27.5 படங்கள் என்ற வினோதமான கணக்கை வைத்திருக்கிறார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது, அதாவது வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 67 சென்டிமீட்டர். இரவில், ஒளி போதாமல் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும்போது, எதிரே கடந்துபோகும் வண்டியின் எண் வெறும் வெள்ளைக் கோடாக இழுபட்டுவிடும். 4கே கேமரா வாங்கினாலும் இது முழுமையாகத் தீராது. இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு: மோதிவிட்டு நிற்காமல் போகும் வண்டியின் எண்ணை நீங்கள் கண்ணால் பார்த்தவுடன், மைக்கை இயக்கி, நிறத்தையும் மாடலையும் சேர்த்து உரக்கச் சொல்லிவிடுங்கள். லென்ஸ் தவறவிட்டதை உங்கள் குரல் பதிவு செய்யும், நேர முத்திரையுடன்.

இந்தக் கருவிகள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று முதல் ஐந்து நிமிட நீளமுள்ள கோப்புகளாகப் பதிவு செய்து, மெமரி கார்டு நிறைந்ததும் மிகப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். யாரும் எதிர்பாராதது கிடைப்பது இந்த ஓயாத ஓட்டத்தால்தான். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் டேஷ்கேம் பதிவுகளைக் கொண்டும் விஞ்ஞானிகள் அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். வானத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேமராவை இயக்கவில்லை. வினாடிக்கு 16 மெகாபிட் என்ற அளவில் பதிவானால் மணிக்கு ஏறத்தாழ 7 ஜிபி செலவாகும். 64 ஜிபி கார்டில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஆகவே சின்ன உரசல்தானே என்று வீட்டுக்கு வந்துவிட்டு, நான்கு நாள் கழித்து எதிர்த்தரப்பு நோட்டீஸ் அனுப்பும்போது தேடினால், அந்த நேரத்துப் பதிவு இருக்காது. மோதல் நடந்தவுடன் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, அந்தக் கோப்பு அழிக்கப்படாமல் காக்கும் பூட்டுப் பொத்தானைக் கேமராவில் அழுத்துங்கள். அன்றைக்கே நகல் எடுங்கள். முன்னும் பின்னும் வெட்டாத முழுக் கோப்பாகவே வைத்திருங்கள். உங்களுக்குச் சாதகமான எட்டு வினாடியை மட்டும் கத்தரித்து அனுப்பினால், மீதியில் என்ன இருந்தது என்ற கேள்விதான் என்னைப் போன்றவர்களுக்கு முதலில் எழும்.

அதிர்வை உணர்ந்து தானாகவே கோப்பைப் பூட்டும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது, அதை மட்டும் நம்ப வேண்டாம். உணர்திறனை மிக உயர்வாக வைத்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் ஒரு கோப்பு பூட்டப்பட்டு, கார்டு முழுவதும் பூட்டிய கோப்புகளால் நிறைந்து, புதிய பதிவுக்கு இடமில்லாமல் போகும். மிகத் தாழ்வாக வைத்தால் மெதுவான உரசலை அது மோதலாகவே கருதாது.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நீண்ட பட்டியல் தர விருப்பமில்லை. பின்புறமும் ஒரு கேமரா உள்ளதாகப் பாருங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கருவிகள், வெயிலில் நிறுத்திய வண்டியின் சூட்டில் நாளடைவில் உப்பிப் போகும். பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெபாசிட்டர் என்ற மின்தேக்கி உள்ளவை அந்தச் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். முன்கண்ணாடியில், உள்கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநரின் பார்வையை மறைக்காமலும், மழையில் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள்ளும் அதை ஒட்ட வேண்டும். வயரைக் கண்ணாடி ஓரத் தூணின் உறைக்குள் கொண்டுபோகும்போது, அங்கே பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. ஏர்பேக்கின் முன்னால் வயர் ஓடினால் விரியும் வேகத்தில் அது வேறு வினையாகிவிடும். இதை விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுவதே மேல். நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு வேண்டுமென்றால், ஃபியூஸ் பாக்ஸிலிருந்து இணைப்பு எடுத்து, பேட்டரியின் வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தானாகத் துண்டிக்கும் வசதியுள்ள கிட் பொருத்துங்கள். இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஏற்கெனவே டேஷ்கேம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்புகளில் நான் காணும் மிகப் பரிதாபமான வாக்கியம், ‘கேமரா இருந்தது, ஆனால் பதிவாகவில்லை’ என்பதுதான். சாதாரண மெமரி கார்டு இடைவிடாமல் எழுதி அழிப்பதைத் தாங்காமல் ஒரு நாள் சத்தமில்லாமல் செத்துவிடுகிறது. கேமராவின் சிறு விளக்கு மட்டும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருக்கிறது. தொடர்ந்து எழுதுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட ‘ஹை எண்ட்யூரன்ஸ்’ வகைக் கார்டைப் போடுங்கள், முக்கியமான கோப்புகளை நகலெடுத்துவிட்டு மாதத்துக்கு ஒரு முறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கடைசியாகப் பதிவான கோப்பைத் திறந்து, முன்வண்டியின் எண்ணைப் படிக்க முடிகிறதா, மூலையில் உள்ள தேதியும் நேரமும் சரிதானா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால், அது அந்த விபத்தின் பதிவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட அதுவே போதும். பின்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருப்பவர்கள், பின்கேமராவின் இரவுக் காட்சியையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அங்கே இரண்டு ஒளிப்புள்ளிகளைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
விபத்துக் கோப்புகளைப் படிக்கும் ஒரு சக ஓட்டுநர்